பன்னிரண்டே முக்கால் இஞ்சு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதுவுமே கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்களைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கேட்கவில்லை என்பதை அவர்களே மூன்று தடவை சொன்னார்கள். வந்து உட்கார்ந்ததும் ஒரு தடவை, கேசரி தீர்ந்ததும் ஒரு தடவை, வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தடவை. "நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறத செய்யிங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. செருப்பை மாட்டி முடித்த பிறகு, மகனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர் என்றும், வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மானிட்டர் மட்டும் சின்னது என்றும் பொதுவாகச் சொல்லிவைத்தார். காற்றிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். காற்றுக்குப் பக்கத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தது தற்செயல்.

அது தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்து, டைப்ரைட்டிங் கற்றுக்கொடுத்த இடங்கள் எல்லாம் ஒரே இரவில் போர்டை மாற்றியிருந்தன. நானும் பட்டப்படிப்பு முடித்து, மேலே ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போட்டோக்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திருத்துவது என் வேலை. திருத்துவது என்றால் பெரும்பாலும் இல்லாதவர்களை இருக்க வைப்பது. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் சிங்கப்பூரிலேயே இருந்துவிட்ட அண்ணனை, அவர் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துக் குடும்பப் போட்டோவில் கடைசி ஆளாக நிற்க வைக்க வேண்டும். எல்லாருக்கும் நிழல் இடது பக்கம் விழும், அண்ணனுக்கு மட்டும் வலது பக்கம் விழும். அதைச் சரி செய்ய வேண்டும். இத்தனையும் ஸ்டூடியோவிலிருந்த பதினான்கு இஞ்சு மானிட்டரில். ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் மற்ற பதினைந்து முகங்களும் காணாமல் போய்விடும்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சும்மா பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. என் வாழ்க்கையில் நான் மட்டுமே நன்றாகச் செய்கிற ஒன்று என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது அதுதான். அதனால் கல்யாணத்துக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மாப்பிள்ளையின் ஊரான கல்லலுக்குக் கட்டிக்கொண்டு போனாலும் வேலையை விடமாட்டேன், வீட்டிலிருந்தே செய்வேன் என்றேன். ஸ்டூடியோ முதலாளி சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள். அரசாங்க வேலையில் இருந்த மாப்பிள்ளை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வீடு திரும்பி ஒன்பது மணிவரை கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவார் என்பதும், மற்ற நேரம் அது சும்மாதான் கிடக்கும் என்பதும் பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. ஆக, பகலில் எனக்குப் போட்டோ, சாயங்காலம் அவருக்குக் கார். இரண்டுக்கும் தோதாக ஒரு பெரிய மானிட்டர் வாங்க வேண்டும். அதை வாங்கித் தரும் பாக்கியம் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். தப்புக் கணக்கை அவரால் சகித்துக்கொள்ளவே முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் யாருக்கோ சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால் நாலு சீட் தாண்டி எழுந்து போய்ச் சொல்லுவார். கோயிலில் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பற்றிப் பிரசங்கம் நடக்கும்போது, ஆளுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே கத்தோலிக்கர் அவராகத்தான் இருக்கும். பள்ளியில் அவர் கையால் காது திருகப்படாதவர்கள் ஊரில் குறைவு. தாசில்தார் ஆனவர்கள்கூட அவரைக் கண்டால் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் கும்பிடுவார்கள்.

நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டு நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்தார், அவருக்காக வாங்கிய போன். அக்கா என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டு, நாகரிகமாக இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார். கல்யாணம் நிச்சயமானவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்க ஆசைப்பட்டார் பாவம். நாங்கள் பேசியதெல்லாம் இஞ்சு கணக்கு.

மாப்பிள்ளைக்கு இருபத்தோரு இஞ்சு வேண்டும். அதில் ஓட்டினால் வளைவில் திரும்பும்போது உடம்பே ஒரு பக்கம் சாயுமாம். கோட்டையூரில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தாராம். இருபத்தொன்று நல்ல கம்பெனியில் வாங்கினால் தங்க விலை, தெரியாத கம்பெனியில் வாங்கினால் படம் துடிக்கும், அரை மணி நேரத்தில் தலையை வலிக்கும் என்று நான் சொன்னேன். நல்ல கம்பெனியில் பதினேழு எடுத்தால் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், துடிப்பு இருக்காது, நிறம் உள்ளபடி தெரியும் என்றும் சொன்னேன். இதையே நாலு நாள் சொன்னேன். ஐந்தாவது நாள் அவர் போன் செய்து, தான் நன்றாக யோசித்துப் பார்த்ததாகவும், பதினேழே எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தோன்றுவதாகவும், அதில் நிறம் நன்றாகத் தெரியும் என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். நிச்சயமான பெண்ணுக்கு வேறு என்ன தெரியும். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொன்னததான அவரு சொல்றாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நல்லபடியாக் குடும்பம் நடத்தீருவ" என்றார்.

ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் மதுரைக்குப் போனோம். மாப்பிள்ளையும் நேராகக் கடைக்கு வந்துவிட்டார். நான் ஸ்டூடியோவிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தை சி.டி.யில் கொண்டுபோயிருந்தேன், அதே படத்தின் பிரிண்டையும் கைப்பையில் வைத்திருந்தேன். அரக்குப் பட்டு, மாநிறம், பின்னால் பச்சைத் திரை. மானிட்டரில் தெரிகிற அரக்கும் கையில் இருக்கிற அரக்கும் ஒன்றாக இருந்தால் அது நல்ல மானிட்டர். இவ்வளவுதான் என் பரீட்சை. மாப்பிள்ளை தன் பங்குக்குக் கார் சி.டி.யைக் கொண்டுவந்திருந்தார்.

கடைக்காரர் எங்களை மூன்று மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார். முதலாவதில் என் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகிவிட்டது. இரண்டாவதில் பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்தது. கடைக்காரர் அதைத்தான் சிபாரிசு செய்தார். இதில் யாரைப் போட்டாலும் சிவப்பாகத் தெரிவார்கள், ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்றார். சொல்லும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் அந்தக் கல்யாணப் பெண்ணைவிட இரண்டு பங்கு கறுப்பு. மானிட்டரில் சிவப்பாகத் தெரிகிறவர்கள் பிரிண்டில் கறுப்பாக வந்தால் ஸ்டூடியோவுக்கு வந்து யார் திட்டு வாங்குவது என்று கேட்டேன். அவர் மூன்றாவதைப் போட்டுக் காட்டினார்.

மூன்றாவது ஜப்பான் கம்பெனி. பதினேழு இஞ்சு, முகம் தட்டையானது, விளிம்பில் கோடுகள் வளையவில்லை. அரக்கு அரக்காகவே இருந்தது. பிரிண்டைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், எது படம் எது திரை என்று ஒரு விநாடி குழம்பியது. எனக்கு அந்த இடத்திலேயே அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பிறகு பல வருஷம் அதில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அன்றைக்கு நான் தேர்ந்தெடுத்ததில் ஒன்றாவது சரியாக இருந்தது.

அடுத்து மாப்பிள்ளையின் பரீட்சை. காரை ஒரு மலைப்பாதையில் கால் மணி நேரம் ஓட்டினார். நாலு தடவை பள்ளத்தில் விழுந்தார். நன்றாக இருக்கிறது என்றார். அதன் பிறகுதான் எங்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அதை வார்த்தை மாறாமல் நினைவு வைத்திருக்கிறேன். "மாமா, பதினேழுன்னா குறுக்க அளக்கக் கூடாது. மூலைக்கு மூலை அளக்கணும். அதுலயும் கண்ணுக்குத் தெரியறது பதினாறுதான் இருக்கும், ஒரு இஞ்சு பிளாஸ்டிக்குக்குள்ள போயிரும். எல்லாக் கம்பெனியும் இப்பிடித்தான்." தன் விரலைத் திரையின் கீழ் மூலையில் வைத்து எதிர் மூலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "மூலைவிட்டம்" என்றார். மாப்பிள்ளை ஆமாம் மாமா என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மானிட்டர் பெட்டியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு திருப்பத்தூர் வரைக்கும் அப்பா அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். இந்தக் காலத்துப் பையன்களில் மூலைவிட்டம் தெரிந்தவன் எத்தனை பேர், பட்டம் வாங்கியவனுக்கே தெரியாது, நல்ல பையன்த்தா, நல்ல பையன் என்றார். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்தபோதோ, அவர்களுடைய நிலபுலனைப் பார்த்தபோதோ வராத நிம்மதி அவருக்கு அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது. எனக்கும்கூடக் கொஞ்சம் வந்தது, மறைப்பானேன்.

கோயிலில் எங்களுக்கு ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார்கள். இரண்டு ஓலை ஆகிவிட்டது. யாருக்கும் எந்தத் தடையும் தெரியவில்லை. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் சாமான் பார்க்க வருவதாக ஏற்பாடு.

செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை நடுமுற்றத்து வளவு முழுக்கப் பரப்பி வைப்பார்கள். உலக்கையிலிருந்து ஊசிவரைக்கும் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு வளவு இல்லை, பன்னிரண்டுக்குப் பத்தில் ஒரு கூடம்தான் இருந்தது. அதில் அம்மா குடம், அண்டா, குத்துப்போணி, இட்லிச் சட்டி, பீரோ, கட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, நடுவில் ஒரு மேஜை போட்டு மானிட்டரை வைத்தார். அதன் தலையில் தானே பின்னிய வெள்ளைக் குரோஷா விரிப்பு ஒன்று. மாலை போடவில்லை, அந்தவரைக்கும் நல்லது. வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, உறவில் நாலைந்து பேர், இவர்களோடு மாப்பிள்ளையின் தாய்மாமா. அவர் வார்த்தைக்கு அந்த வீட்டில் மறு வார்த்தை கிடையாது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். இடிக்கிற பழைய வீடுகளின் நிலை, தூண், உத்தரம் எல்லாம் வாங்கி விற்கிற வியாபாரம் அவருக்கு. இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் இருக்கும். வந்து உட்காருவதற்கு முன்பே எங்கள் வீட்டு நிலையை அளந்துவிட்டார், பழக்க தோஷம். பிறகு பீரோவை அளந்தார். கட்டிலை அளந்தார். எல்லாம் சொன்னபடி இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே மானிட்டர் பக்கம் வந்தார்.

நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சாமான் பார்க்கும்போது பெண் வெளியே வரக் கூடாது. சாமான்களில் அதுவும் ஒன்றுதான், ஆனால் அது ஏற்கனவே பார்த்து முடித்த சாமான்.

மாமா டேப்பை இழுத்துத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மேலிருந்து கீழாகவும் ஒரு தடவை பிடித்தார்.

"எத்தன இஞ்சுன்னு சொன்னீக சார்?"

பதினேழு என்றார் அப்பா.

"பன்னண்டே முக்கால்தான் இருக்கு. உசரம் ஒம்பதரை." டேப் சரக்கென்று உள்ளே போனது. "நாலேகால் இஞ்சு எங்குட்டுப் போச்சு?"

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழிலில் கதவு என்றால் அகலம், உயரம், கனம். மூலைக்கு மூலை அளந்து கதவு வாங்கியவன் செட்டிநாட்டிலேயே கிடையாது. அவருக்கு மானிட்டரும் ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். தேக்கில் நாலேகால் இஞ்சு விட்டுக்கொடுத்தால் கதி என்ன என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். கோபப்படக்கூட இல்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் கொஞ்சம் வருத்தப்பட்டார். "நாங்க ஒண்ணும் கேக்கவே இல்லயே. நீங்களாத்தான் பதினேழுன்னீக. சொன்னது இருக்கணும்ல?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கேட்காதவர்களுக்குக் கொடுப்பதில் குறை வைக்கலாமா.

நான் சிரித்துவிட்டேன். உண்மையாகவே சிரித்தேன், கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு. பயப்படவே இல்லை. ஏனென்றால் அந்தக் கூடத்தில் இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மதுரையில் விரலை வைத்துக் காட்டியவர். இன்னொருவர் முப்பத்திரண்டு வருஷம் அதையே பாடமாக நடத்தியவர். யார் முதலில் சொல்லப்போகிறார் என்பதுதான் எனக்கிருந்த ஒரே சந்தேகம்.

மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். நேரத்தைச் சரி செய்கிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் சரி செய்தார்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. எனக்குத் தெரியும், அவர் கணக்குப் போடுகிறார். பன்னிரண்டே முக்காலின் வர்க்கம், ஒன்பதரையின் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம். அவருக்குக் காகிதம் வேண்டாம், பேனா வேண்டாம். உதடு நின்றது, விடை வந்துவிட்டது. இப்போது வாயைத் திறப்பார், அந்த மாமாவின் காது தப்பினால் ஆச்சரியம் என்று நினைத்தேன். அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தப்பு நடந்திருச்சு போல. மாத்திக் குடுத்துடுறோம். இருபத்தொண்ணாவே எடுத்துக் குடுத்துடுறோம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா தப்புக் கணக்கை ஒத்துக்கொண்டதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தன்னுடைய தப்பாக இருந்தால் ஒத்துக்கொள்வார், அது வேறு. இது அடுத்தவர் தப்பு. அதைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய கதவு விற்கிறவர் முன்னால் நிற்கிறார். பெண்ணைப் பெற்றதால் பூமியில் இருக்கிற எல்லா மூலைவிட்டமும் அவருக்கு மறந்துபோக வேண்டியிருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமாவின் கையிலிருந்து டேப்பை வாங்கினேன். வாங்கினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிடுங்கினாள் என்று பின்னால் கல்லல் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். திரையின் கீழ் மூலையில் வைத்து எதிர் மூலைக்கு இழுத்து, அவரையே பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு நூல் குறைவாகப் பதினாறு என்றார். தொழில்காரர், அளவை மறைக்க மாட்டார். இப்படி அளப்பதுதான் முறை, இன்னும் ஒரு இஞ்சு இந்தப் பிளாஸ்டிக்குக்குள்ளே இருக்கிறது என்று சொன்னேன்.

"கண்ணுக்குத் தெரியாத இஞ்சுக்கும் காசு குடுத்து வாங்குனீகளாக்கும்" என்றார் மாமா. கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மையில் அது நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தது, யாரும் இவரைப்போல டேப்போடு போய் நிற்கவில்லை.

நான் மாப்பிள்ளையிடம் திரும்பினேன். நிச்சயமானதிலிருந்து அதுவரை அவரை நேராகப் பார்த்து எதையும் கேட்டதில்லை. "நீங்க சொல்லுங்க. கடையில நீங்கதான எங்கப்பாவுக்குச் சொன்னீக?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

"மாமா சொல்றதும் ஒரு வகையில சரிதான்" என்றார். "எதுக்கும் கடையில ஒரு வார்த்த கேட்டுக்கிருவம்."

கேட்டுக்கலாம் மாப்பிள்ளை, கேட்டுக்கலாம் என்று அப்பா அவசரமாகச் சொன்னார். என்னை உள்ளே போகச் சொல்லி அம்மா கண்ணைக் காட்டினார். போனேன். அவர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டார்கள், மானிட்டரைத் தவிர மற்றச் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம், போகப் போகச் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் அளந்து பார்க்கவில்லை.

வேன் போனதும் அப்பா பீரோ இருந்த இடத்தில் நின்றுகொண்டு கடை ரசீதைத் தேட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் போய் மதுரைக்குப் போன் போட வேண்டும், இருபத்தொன்று கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றார். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, தேவகோட்டைவரை பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, சாமான் வேனில் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு கண்ணாடிப் பெட்டிக்காகவா என்று கேட்டார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்காகக் கல்யாணத்தை நிறுத்துகிறவளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார். எல்லாம் உண்மைதான். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சுக்கிட்டே நீங்க நின்னதப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அப்பா ரசீதைத் தேடுவதை நிறுத்தினார். பிறகு சட்டையை மாட்டினார். "வாத்தா" என்றார். எங்கே என்று கேட்டேன். சாமியார் பங்களாவுக்கு என்றார். எனக்குப் புத்தி சொல்லச் சொல்லிச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். போகிற வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். எதிரில் வந்த பழைய மாணவர் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கிக் கும்பிட்டதைக்கூட அப்பா கவனிக்கவில்லை.

பங்குச் சாமியார் மறுநாள் பூசைக்கு வாசிக்க வேண்டிய ஓலைகளை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று அப்பா சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். என்ன தடை என்று கேட்டார். சொந்தத்தில் முறை ஏதாவது தப்பா, பையன் முன்பே யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறானா, குடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் என்னதான் தடை என்றார். வாயைத் திறந்தேன். மானிட்டர், டேப், பன்னிரண்டே முக்கால் என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவவில்லை.

அப்பாதான் பேசினார்.

"அந்தப் பையனுக்குக் கணக்குத் தெரியும் சாமி. எங்கிட்டயே வெளக்கிச் சொன்னவன். இன்னைக்கு நாலு பேரு முன்னால சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல."

நடந்ததையும் ஒழுங்காகச் சொன்னார். சாமியார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சின்னப் பையன், தாய்மாமா முன்னால் பயந்திருப்பான், நல்ல வேலை, நல்ல குடும்பம், தெரிந்ததைச் சொல்லவில்லை என்பதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ள முடியுமா வாத்தியாரே என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா மேஜை மேலிருந்த ஓலைத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து கேள்வி கேட்டவர் முன்னால் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது கிடையாது.

"எனக்கும் தெரியும் சாமி" என்றார். "நானும் சொல்லல. எம்பொண்ணு வெளியில வந்து சொன்னா, அப்பயும் நான் அவ பக்கம் நிக்கல. கேட்டுக்கலாம் மாப்பிள்ளைன்னேன்." தாள்களிலிருந்து கண்ணை எடுத்துச் சாமியாரைப் பார்த்தார். "என்ன மாதிரி இன்னொரு ஆளு அவளுக்கு வேண்டாம் சாமி."